இளைத்த பன்றியைப் பங்கு போடாதீர்கள்



தீபாவளி நெருங்கினால் பன்றி வெட்டிப் பங்கு போடுவது சில இடங்களில் வழக்கம். கொட்டிலில் ஒரு பன்றி இளைத்து, தோலும் கெட்டுப்போனால், "செத்துத் தொலையுமுன் வெட்டிடுவோம், போட்ட காசாவது வரட்டும்" என்று அவசரப்படுபவர்கள் உண்டு. உழைத்துச் சேர்த்த பணம், வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் அந்த அவசரம் ஆபத்தானது.

பன்றி இளைப்பதற்குக் காரணம் பல. கவனித்தால் ஓரளவு அடையாளம் தெரியும்.

1. சொறி: கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலைத் துளைத்து முட்டையிடும். காதுக்குள் பொருக்குத் தட்டும். பன்றி ஓயாமல் சுவரில் உரசும், தின்றாலும் சதை பிடிக்காது.

2. பிசுக்குத் தோல்: சில வாரக் குட்டிகளுக்கு வரும். உடம்பெல்லாம் பழுப்பாக எண்ணெய் பூசியதுபோல் இருக்கும். அரிப்பு இருக்காது. குட்டி வற்றிச் சாகும்.

3. சர்க்கோ வைரஸ்: இரண்டு, மூன்று மாதக் குட்டிகள் எலும்பு தெரிய இளைத்து, வெளுத்துப் போகும். தடுப்பூசி உண்டு.

4. செந்தடிப்பு: காய்ச்சலோடு, சீட்டுக்கட்டு டைமன் வடிவில் சிவந்த தடிப்புகள். காலத்தோடு பென்சிலின் ஊசி போட்டால் பிழைக்கும்.

5. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: கடும் காய்ச்சல், காதும் வயிறும் சிவந்து நீலம் பாயும். மருந்து கிடையாது. மனிதருக்கு ஒட்டாது. ஆனால் இறைச்சி வழியாக மற்றப் பன்றிகளுக்குப் பரவும். 2021-இல் முதலில் சபாவிலும், ஆண்டு இறுதியில் மலாக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

"டிரஸ்ஸர் ஐயா, நல்லா வேகவச்சா கிருமி செத்துடுமே?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் வேகுமுன்பே, வெட்டுகிற கையிலும் கழுவுகிற தாயின் விரலிலும் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமி ஏறிவிடுமே! செந்தடிப்புக் கிருமி ஏறினால் சில நாளில் விரல் கருஞ்சிவப்பாக வீங்கி வலிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற இன்னொரு பன்றிக் கிருமி மூளை உறையைத் தாக்கும். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. 1998, 1999-இல் பன்றிகளிடமிருந்து பரவிய நீப்பா நோய் இந்நாட்டில் 265 பேரைத் தாக்கியது. அவர்களில் 105 பேர் இறந்தார்கள்.

ஆகவே:

• நோய்ப் பன்றியைத் தனியே பிரித்து வையுங்கள். வெட்டாதீர்கள், விற்காதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவியுங்கள்.

• சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெயோ, தோட்டத்துப் பூச்சி மருந்தோ தடவாதீர்கள். அது விஷம். கால்நடை மருத்துவர் தரும் ஊசியை எல்லாப் பன்றிகளுக்கும் ஒரே சமயத்தில் போட வேண்டும். ஊசி போட்டபின், அவர் சொல்லும் நாள் கழியும்வரை வெட்டக்கூடாது.

• கொட்டில் வேலைக்குக் கையுறையும் பூட்ஸும் அணியுங்கள். புண்ணை மூடிக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

• பன்றிச் சொறி கையில் பட்டால் சில நாள் அரிக்கும், பிறகு அடங்கும். அரிப்பு நீடித்து, வீட்டில் எல்லோரும் இரவில் சொறிந்தால் அது மனிதச் சொறியாக இருக்கலாம். வீட்டோடு வைத்தியம் பாருங்கள்.

• பன்றியைத் தொட்டபின் காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு, காது மந்தம், விரல் வீக்கம் கண்டால் அன்றே கிளினிக்குக்கு வாருங்கள். "பன்றியைத் தொட்டேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும்.

பன்றி போனால் இன்னொன்று வாங்கலாம். சம்பாதிக்கிற கை போனால் குடும்பம் என்ன செய்யும்? யோசித்துப் பாருங்கள்.