கரண்ட் போனால் சோலாரும் படுத்துக்கொள்ளும்

போன மே மாதம் ஒரு நாள், உச்சிவெயிலில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. மாடி நிறைய சோலார் பலகை போட்டிருக்கும் எதிர்வீட்டு அண்ணன், கையில் பனையோலை விசிறியோடு திண்ணைக்கு வந்துவிட்டார். "தலைக்கு மேல இவ்வளவு வெயில் காயுது, ஒரு ஃபேன் ஓடல. ஏமாத்திட்டாங்க தம்பி!"

சோலார் போட்டால் மின்வெட்டே கிடையாது என்று நம்பித்தான் பலரும் பணம் கட்டுகிறார்கள். ஆனால் வீடுகளில் பெரும்பாலும் மாட்டுவது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் 'ஆன்-கிரிட்' வகை. லைன் நின்ற மறுகணமே அதன் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சப்ளை இல்லை என்று கம்பியில் கை வைக்கும் லைன்மேன் மீது நம் மாடி மின்சாரம் பாய்ந்தால் என்ன ஆகும்? ஆக, பொருளில் பழுதில்லை. இதை வாங்கும்போதே சொல்லாமல் விட்டார்களே, அதுவும் ஏமாற்றுதான் என்பேன்.

வெயில் ஏற ஏற உற்பத்தியும் ஏறும் என்பதும் பாதி உண்மைதான். பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் பலகை சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரையில் பலகை 60 டிகிரியைத் தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் போச்சு.

உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் காற்றாலைகள் மேல் வேறு புகார். "காத்தாடி சுத்தி மேகத்தைக் கலைச்சிடுது, அதான் மழை இல்ல." தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. மழைமறைவு நிலம் அது. காத்தாடிக்கு முன்பும் அப்படித்தான். கணவாய்க் காற்றைத் தேடித்தான் காத்தாடிகள் அங்கே வந்தன.

காற்றும் வெயிலும் நினைத்த நேரத்துக்கு வராது, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கவும் முடியாது என்று படித்தவர்களே அடித்துச் சொல்கிறார்கள். ஆனைமலையில் காடம்பாறை புனல்மின் நிலையம் 1980களின் இறுதியிலிருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை எகிறும் மாலையில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டால், ஏற்றிய இயந்திரமே எதிர்ப்பக்கம் சுழன்று மின்சாரம் தரும். திறன் 400 மெகாவாட். இத்தகைய நிலையங்களில் நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபது, எண்பது யூனிட் திரும்பக் கிடைக்கும். மிச்சம் நஷ்டம்தான், ஆனால் வீணாகப் போகவிருந்த மின்சாரத்துக்கு இது லாபக் கணக்கு.

வீட்டு மாடியில் மலைக்கும் அணைக்கும் எங்கே போவது? அங்கே பேட்டரிதான், அதோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்குச் செலவும் கூடும். சோலார் போடப்போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன், "கரண்ட் போனா ஓடுமா?" என்று கேளுங்கள். பதிலை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.