கால்நடைகளின் தசை வளர்ச்சியில் உழைப்பும் ஊட்டமும்

உழவுப் பருவம் நெருங்கும்போது, "எருதுகள் மெலிந்துள்ளன, எந்தச் சத்துப் பொடியை வாங்கிக் கொடுக்கலாம்?" என்று உழவர்கள் கேட்பதுண்டு. களப்பணியாளர் கூறும் விடையைப் பொறுத்தே அக்குடும்பத்தின் சிறு கையிருப்பு பயன்படுவதும் வீணாவதும் அமையும். ஆகவே, தசை எவ்வாறு வளர்கின்றது என்பதை ஆராய்ச்சிகளின் துணைகொண்டு நோக்குவோம்.

தசையின் அமைப்பு

கொழுப்பு நீங்கிய தசையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். ஐந்தில் ஒரு பங்கு புரதம். இப்புரதம் இடையறாது சிதைந்தும் புதிதாக உருவாகியும் வருகின்றது. சிதைவைவிட ஆக்கம் மிகும்போது தசை பருக்கின்றது. 1897ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் மொர்புர்கோ, நாய்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். ஒரு காலின் தொடைத் தசையைப் பயிற்சிக்கு முன்னும், மறுகாலின் அதே தசையைப் பயிற்சிக்குப் பின்னும் ஆராய்ந்தார். தசைநார்கள் எண்ணிக்கையில் பெருகவில்லை. ஒவ்வொரு நாரும் பருத்திருந்தது.

உழைப்பின் பங்கு

1967ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கோல்ட்பெர்க், எலியின் கெண்டைக்காலில் பெரிய தசை ஒன்றின் நாணை அறுத்தார். அதன் பளு அடுத்திருந்த சிறு தசையின்மேல் விழுந்தது. சில நாட்களுக்குள்ளேயே அச்சிறு தசை குறிப்பிடத்தக்க அளவு எடை கூடிற்று. வளர்ச்சி ஊக்குநீரைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட எலிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பட்டினி கிடந்த எலிகளில், ஏனைய தசைகள் நலிந்த நிலையிலும், பளு தாங்கிய தசை பருத்தமை பின்னர் அறியப்பட்டது.

எனவே, தசையை வளரத் தூண்டுவது அது தாங்கும் பளுவே என்பது தெளிவு. ஆயினும், ஊட்டம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பட்டினியில் அவ்வெலிகளின் உடல் நலிந்ததை நினைவிற் கொள்க.

ஊட்டத்தின் பங்கு

தீவனத்தில் எரிசக்தி குறைந்தால், தசையைக் கட்ட வேண்டிய புரதமே எரிபொருளாகச் செலவாகிவிடும். தேவைக்கு மிஞ்சிய புரதமோ தசையாகச் சேர்வதில்லை. அதிலுள்ள நைட்ரஜன் கல்லீரலில் யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறும்.

துணை ஊட்டங்கள் உள்ள குறையை நிரப்பும்போதுதான் பயன் தரும். செலீனியம் குறைந்த நிலத்துப் புல்லை மேய்ந்த ஆடுகளின் குட்டிகளுக்குத் தசை வெளுத்து நலியும் நோய் உண்டாயிற்று. சினை ஆடுகளுக்குச் சிறிதளவு செலீனியம் அளித்தால் இந்நோயைத் தடுக்கலாம் என்று அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டில் காட்டினர். ஆனால், பஞ்சாபின் ஹோஷியார்ப்பூர் மாவட்டத்தில் சில நிலங்களில் இதே தனிமம் மிகுந்திருப்பதால், அங்கு விளைந்த தீவனத்தை உண்ட மாடுகளுக்கு உரோமம் உதிர்ந்து, குளம்பு வெடித்தது. ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

மெலிந்த எருதுக்குக் குடற்புழு உண்டா, பல் தேய்ந்துள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். அடுத்து வைக்கோல், பசுந்தீவனம், தவிடு, பிண்ணாக்கு ஆகியவை போதுமா எனக் கணக்கிட வேண்டும். தாது உப்புக் கலவையை அவ்வட்டாரத்தின் குறையறிந்து பரிந்துரைக்க வேண்டும். உடல் தேறியபின், உழவுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே இலேசான வேலை கொடுத்துப் பளுவைப் படிப்படியாகக் கூட்டுக. கொட்டிலில் கட்டியே வைத்துப் பொடி ஊட்டப்பெற்ற எருதுக்குக் கொழுப்புச் சேரலாம். ஏர் இழுக்கும் வலிமை சேராது.

ஆசிரியர்களுக்கு

எலும்பு முறிந்து கட்டுப்போட்டிருந்த மாணவனின் கையைக் கட்டு அவிழ்த்தவுடன் நூலால் அளந்து, மறுகையுடன் ஒப்பிடச் செய்யலாம். இரு கைகளுக்கும் கிடைத்த உணவு ஒன்றே; ஆயினும் ஒன்று மட்டும் மெலிந்தது ஏன் என்று வினவுக. இப்பாடத்தின் சாரத்தை மாணவர் தாமே கூறிவிடுவர்.