புகைபோக்கி

நெருப்பின் வெம்மையை விரும்பும் நாம் அதன் புகையை விரும்புவதில்லை. ஆயினும், புகை செல்லும் வழியைப் பேணாதவர் நெருப்பின் பயனை நெடுநாள் நுகர்தல் இயலாது. இங்கிலாந்து நாட்டுப் புகைபோக்கியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

குளிர் மிகுந்த அந்நாட்டினர் வீட்டினுள் விறகடுப்பு மூட்டிக் குளிர் காய்வர். அடுப்பின் புகை, சுவரினுள் செங்கல்லாற் கட்டிய நெடிய குழாயின் வழியே கூரைக்கு மேல் செல்லும். அதுவே புகைபோக்கி. ஈரவிறகின் புகை குளிர்ந்த சுவரைத் தொட்டதும் கரிய பிசினாகப் படியும். அப்பிசின் தீப்பற்றுமாயின், பழஞ்சுவரின் வெடிப்புகள் வழியே நெருப்பு வீட்டிற் பரவும். வழி அடைபடுமாயின், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அறையில் நிறைந்து, உறங்குவோர் உயிரைக் கவரும்.

முன்னாளில் இக்கரியை அகற்றியவர் யாவர்? ஏழைச் சிறுவரே! பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் அவர்கள் இருண்ட குழாயினுள் ஏறிக் கரியைச் சுரண்டினர். சிலர் நடுவிற் சிக்கி மூச்சடைத்து மாண்டனர். கரி படிந்த உடலிற் புற்றுநோய் தோன்றுதலை 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எடுத்துரைத்தார். 1803-இலேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பார் நீண்ட கழியில் அமைந்த தூரிகை ஒன்றை ஆக்கினார். எனினும் பலர் சிறுவரையே ஏவினர். கருவி இருந்தது, இரக்கம் இல்லை. 1875-இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் புகைபோக்கியிற் சிக்கி இறந்தான். ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டே கடுஞ்சட்டம் பிறந்தது; அக்கொடுமை ஒழிந்தது.

இக்காலத்தில், பழைய புகைபோக்கியினுள் துருப்பிடியாத எஃகினாலான, வளைந்து கொடுக்கும் உட்குழாயை அமைக்கின்றனர். முதலில் பழங்கரியை முற்றும் நீக்குவர். பின்னர்க் கூரைமேல் நிற்பவர் உட்குழாயை மெல்ல இறக்க, கீழிருப்பவர் அதன் நுனியிற் கட்டிய கயிற்றைப் பற்றி வழிகாட்டி இழுப்பர். குழாயின்மேற் பொறித்த குறியை நோக்கியே இறக்குதல் வேண்டும். தலைகீழாக இறக்கின் உள்மடிப்புகளிற் பிசின் தங்கும். அடிமுனையை அடுப்போடு இடைவெளியின்றிப் பொருத்துவர். மேல்முனையில், மழையும் பறவையும் புகாவண்ணம் மூடி அமைப்பர். செங்கல் வெடித்திருப்பினும் புகை இனி வீட்டிற் கசியாது.

உட்குழாய் அமைத்ததனால் கடமை முடிந்ததன்று. ஆண்டிற்கு ஒரு முறையேனும் அதனைத் துடைத்தல் வேண்டும். இரும்புத் தூரிகை எஃகைக் கீறுமாதலின், நெகிழியிழைத் தூரிகையே ஏற்றது. நன்கு உலர்ந்த விறகையே எரித்தல் வேண்டும்.

மாணவர்களே! நம் வசதிக்காகப் பிறர் படும் துன்பம் பெரும்பாலும் சுவருக்குள் மறைந்தே இருக்கும். அதனைத் தேடிக் கண்டு நீக்குவதே அறிவின் பயனாகும்.