கேசட் செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பழைய டிவி கேமுக்கு நீயே ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறாய். அதைக் கேசட்டில் ஏற்றிப் பார்க்க மெமரி ஐசி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். விளையாட்டு உன்னுடையது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். 1990களில் நாங்கள் வாங்கிய கேசட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் யாரோ எழுதியதன் நகல்கள்.

எங்கே என்பதற்கு முன்னால் எது என்று பார்ப்போம். அதை உன் போர்டும், அந்தப் போர்டு போய்ச் செருகும் பெட்டியும்தான் சொல்ல வேண்டும்.

உன்னிடம் இருக்கும் பெட்டி, நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். கேசட்டுக்கு 60 கால். அமெரிக்காவில் விற்ற 72 கால் பெட்டியில் இருந்த பூட்டு ஐசி இதில் கிடையாது. ஆகவே நீ செய்வதை அது மறுக்காது. பழைய கேசட்டைப் பிரித்து ஐசி எடுக்கலாம் என்று நினைக்காதே. உள்ளே பெரும்பாலும் ஒரு கரும்பசைப் பொட்டுதான் இருக்கும். வெளிக்கூட்டை மட்டும் பத்திரப்படுத்து.

உன் விளையாட்டு மிக எளிய வகை: நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட். டேட்டாஷீட் மொழியில் ஒரு 27சி256, ஒரு 27சி64. பெட்டியின் பிராசசர் சுமார் 1.8 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. 200 நானோசெகண்ட் ஐசியே தாராளம். வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே.

வோல்ட்டேஜில்தான் கவனம் வேண்டும். பெட்டி 5 வோல்ட். இன்று சுலபமாகக் கிடைக்கும் 29எல்வி, 39விஎஃப் வகைகள் 3.3 வோல்ட். 39எஸ்எஃப்040க்கும் 39விஎஃப்040க்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். முன்னதன் வோல்ட்டேஜ் உனக்கு ஒத்துவரும், பின்னதன் வோல்ட்டேஜ் ஒத்துவராது. 3.3 வோல்ட் ஐசியை நேராகச் செருகினாலும் ஓடுகிறது என்று பலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் ஒவ்வொரு முகவரிக் கம்பியிலும் தாங்கக்கூடியதற்கு மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். உன் கேசட்டை இன்னொரு பிள்ளை கையில் கொடுக்கப்போகிறாய் என்றால் அப்படிச் செய்யாதே. அந்த ஐசிதான் வேண்டுமென்றால் ரெகுலேட்டரும் லெவல் ஷிஃப்டரும் சேர்த்துப் போர்டு வரை.

நான் சொல்வது டபிள்யூ27சி512. 28 கால், 5 வோல்ட், புரோகிராமரிலேயே மின்சாரத்தால் அழித்துத் திரும்ப எழுதலாம். 64 கிலோபைட் என்பதால் நிரல், படம் இரண்டு இடத்துக்கும் இதே வகையில் ஒவ்வொன்று போதும். 27சி256க்கு வரைந்த போர்டில் 1ஆம் கால் 5 வோல்ட்டில் கட்டியிருந்தால் பெட்டிக்கு மேல்பாதி மட்டுமே தெரியும். அதனால் நிரலை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதி நிரப்பு. படத்தை எட்டு முறை எழுது. அப்போது மிச்சமிருக்கும் முகவரிக் கால்கள் மேலே கட்டியிருந்தாலும் கீழே கட்டியிருந்தாலும் கவலையில்லை. அந்தரத்தில் மட்டும் விடாதே.

இனி எங்கே என்பது. உன் வாசலில் ஓடும் செங்கம் சாலை கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு போகிறது, அங்கே எஸ்.பி. ரோடு. இந்தப் பக்கம் சென்னை ரிச்சி தெரு. இரண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்கும் ஐசி நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு போ, "கேம் சிப்" என்று கேட்காதே. அதற்கும் முன்னால் காயலான் கடையைப் பார். 1990களின் மதர்போர்டுகளில் பயாஸ் ஐசி 28 அல்லது 32 காலோடு பேஸில் செருகியிருக்கும். 27சி512, 29சி010, 29எஃப்010 எல்லாம் இப்படிக் கிடைப்பவை. 32 கால் ஐசியை 28 கால் இடத்தில் அப்படியே செருக முடியாது. அதற்குப் போர்டைத் தனியாக வரைய வேண்டும். சதுரமாக 49எல்எஃப் என்று போட்டிருந்தால் விட்டுவிடு. அது வேறு முறையில் பேசும் ஐசி.

ஆன்லைனில் வருபவற்றில் மேல்முகத்தைத் தேய்த்து வேறு நம்பர் அடித்தவை நிறைய. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார். கருஞ்சாயம் பஞ்சில் வந்தால் சந்தேகப்படு. அதைவிட உறுதியானது புரோகிராமரில் ஐடி படிப்பது. டபிள்யூ27சி512 என்றால் டிஏ, 08. 39எஸ்எஃப்040 என்றால் பிஎஃப், பி7. பொருந்தாததை எழுதிப் பார்க்கவே வேண்டாம். எல்லாவற்றையும் ஐசி பேஸில் போடு, நேராக சால்டர் வைக்காதே.

கண்ணாடி ஜன்னல் வைத்த ஐசி கிடைத்தால் அதை அழிக்க 254 நானோமீட்டர் புறஊதா வேண்டும். வாட்டர் ப்யூரிஃபையரின் யூவி குழாயே அதுதான். ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் 15, 20 நிமிடம். மூடிய பெட்டிக்குள் மட்டும் எரியவிடு, கண்ணுக்கும் தோலுக்கும் அது ஆபத்து. நகப்பூச்சு காயவைக்கும் விளக்கு உதவாது. எழுதிய பின் ஜன்னலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடு. நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே அழியக்கூடும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. உங்கள் ஊர் வெயில் உனக்குத் தெரியும்.

தமிழ் எழுத்துகள் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். 8 கிலோபைட்டில் 512 கட்டங்கள். பின்னணிக்கு 256, நகரும் உருவங்களுக்கு 256. ஒரு கட்டம் 8 புள்ளிக்கு 8 புள்ளி. அதில் 'ட' நிற்கும், 'ணை' நிற்காது. நான்கு கட்டம் ஓர் எழுத்துக்கு என்று வைத்தால் 64 எழுத்தோடு பின்னணி முடிந்தது. கி, கீ, கு, கூ என்று உருவம் மாறிக்கொண்டே போகும் நம் எழுத்துக்கு அது போதாது. படத்துக்கு ராம் வை. 6264 போதும், 62256 சுலபமாகக் கிடைத்தால் அதுவும் சரி. 26ஆம் காலை 5 வோல்ட்டிலும் 1ஆம் காலைத் தரையிலும் கட்டினால் இரண்டும் ஒரே பேஸில் உட்காரும். அந்தந்தத் திரைக்கு வேண்டிய எழுத்தை மட்டும் நிரலிலிருந்து எடுத்து ராமில் போடு. எழுத்துகள் நிரலின் இடத்தைத் தின்னும். 32 கிலோபைட் போதாமல் போனால் ஒரு 74161, ஒரு 7432 சேர்த்து 128 கிலோபைட்டுக்குப் போகலாம். அப்போது 39எஸ்எஃப்010 வாங்கு.

முதல் கேசட்டுக்கு ராம் வைப்பதா இல்லையா என்று இந்த வாரமே முடிவு செய். போர்டை அச்சுக்கு அனுப்புவதற்குள் வரைபடத்தை எனக்கு அனுப்பு, ஒவ்வொரு காலாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்