நிலவரியும் ஒரு வாரப் படிப்பும்: டென்மார்க் சிறு விவசாயிகளின் அனுபவம்

பஞ்சாயத்துக் கூட்டத்தில் வரி என்னும் சொல் எழுந்தவுடன் பேச்சு இரண்டாகப் பிரிவதை அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பார்கள். புது வரி வேண்டவே வேண்டாம் என்பது ஒரு கட்சி. வரியின்றிச் சாலையும் விளக்கும் எங்கிருந்து வரும் என்பது மறு கட்சி. எதன் மீது வரி விதிப்பது, முடிவில் அது யார் தோளில் இறங்குகிறது என்ற கேள்விகளை நிதானமாக எடுத்துக்கொள்ள எவருக்கும் பொழுது இருப்பதில்லை. அரை மணி நேரக் கூட்டத்தில் தீரும் காரியமும் அன்று அது. ஒரு வாரம் ஒதுக்கி, ஒன்றாக உண்டு, பாடி, படித்து, வாதாடி இதனைக் கற்ற விவசாயிகள் டென்மார்க் நாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய அனுபவத்தை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

டென்மார்க்கில் மக்கள் உயர்பள்ளி என்றொரு வகைப் பள்ளி உண்டு. பாதிரியாரும் கவிஞருமான கிரண்ட்விக் என்பவரின் கருத்தைப் பின்பற்றி, முதற்பள்ளி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் திறக்கப்பெற்றது. பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. வளர்ந்த ஆண்களும் பெண்களும் அங்கேயே தங்கி, உரை கேட்டுக் கலந்து பேசிக் கற்பார்கள். 1950-களில் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற ஜனதா கல்லூரிகளுக்கு மாதிரியாக இருந்தவை இப்பள்ளிகளே. காலப்போக்கில் சிறு நிலக்காரர்களுக்கென்றே தனிப்பள்ளிகள் எழுந்தன. நீண்ட நாள் வீட்டை விட்டிருக்க முடியாத குடும்பத்தாருக்காகச் சில நாட்களில் முடியும் குறுகிய வகுப்புக்களும் வைத்தார்கள். பசுவுக்குப் புல் போட ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கணவனும் மனைவியுமாக வந்து சேர்வார்கள். ஓடன்ஸ் நகரை அடுத்திருந்த இத்தகைய பள்ளி ஒன்றின் தலைவராக இருந்த யாகோப் லாங்கே காளான் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். நிலவரிக் கொள்கையில் அதனினும் பிடிவாதமானவர்.

அவ்வகுப்புக்களில் நிலவரி இவ்வளவு சூடான பொருளாக ஆனதற்குக் காரணம் உண்டு. டென்மார்க்கின் பழைய நிலத்தீர்வை, நிலத்தின் விளைதிறனைத் தானியப் பீப்பாய்க் கணக்கில் குறித்து விதிக்கப்பட்டது. 1688-இல் நாடெங்கும் அளந்து எழுதப்பட்ட பதிவேடு, 1844-இல் புதுப்பிக்கப்பட்டது. நம் ரயத்துவாரி முறையில் மண்ணின் தரம் பார்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்று தீர்வை குறித்ததற்கு அது ஏறத்தாழ ஒப்பானது. 1903-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இப்பழைய தீர்வையை அகற்றி, வருமான வரியையும், நிலம் கட்டடம் இரண்டின் மொத்த மதிப்பின் மீது சொத்து வரியையும் புகுத்தியது. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் சிறு நிலக்காரர்கள் இத்திட்டம் பேச்சளவில் இருந்தபோதே விழித்துக்கொண்டார்கள். 1902 நவம்பரில் கோகே என்னும் ஊரில் கூடிய அவர்களுடைய சங்கத்தினர், தங்களுக்கென்று சலுகை எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். நுகரும் பண்டங்கள் மீதும் உழைப்பின் மீதும் உள்ள வரிகளை நீக்கிவிட்டு, சமூகத்தின் வளர்ச்சியால் நிலத்துக்கு ஏறும் மதிப்பின் மீது வரி விதிக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. 1879-இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலை வெளியிட்ட அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜின் கொள்கை இது.

சலுகை கேட்காமல் ஒரு விவசாய சங்கம் தீர்மானம் நிறைவேற்றுவது எந்த நாட்டிலும் அபூர்வம். ஏன் அவ்வாறு செய்தார்கள் என்பது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எண்கள் நாம் வைத்துக்கொள்வன.

ஓர் ஊரில் மூவர் இருப்பதாகக் கொள்வோம். முதல்வர் சிறு விவசாயி. அவர் நிலத்தின் மதிப்பு ரூ. 4,000, வீடும் மாட்டுக்கொட்டிலும் சேர்ந்து ரூ. 6,000. இரண்டாமவர் பெருநிலக்காரர், நிலம் ரூ. 60,000, கட்டடங்கள் ரூ. 20,000. மூன்றாமவர் வெளியூர்க்காரர், ரயில் நிலையத்துக்கு அருகில் ரூ. 16,000 பெறும் மனையை வாங்கி, விலை ஏறட்டும் என்று முள் மண்ட விட்டிருக்கிறார். ஊருக்கு வேண்டிய பணம் ரூ. 1,060. நிலம் கட்டடம் இரண்டின் மீதும் நூற்றுக்கு 1 ரூபாய் வீதம் விதித்தால், சிறு விவசாயி ரூ. 100, பெருநிலக்காரர் ரூ. 800, வெளியூர்க்காரர் ரூ. 160 கட்டுவார்கள். கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்தின் மீது மட்டும் அதே தொகையை வசூலிப்பதானால், வீதம் நூற்றுக்கு ரூ. 1.325 ஆகும். அப்போது சிறு விவசாயிக்கு ரூ. 53, பெருநிலக்காரருக்கு ரூ. 795, வெளியூர்க்காரருக்கு ரூ. 212.

பெருநிலக்காரருக்கு ஏறக்குறைய மாறுதலே இல்லை என்பதைக் கவனியுங்கள். இது பணக்காரர் மீது பாயும் வரி என்று சிலரும், அவர்களைத் தப்பவிடும் வரி என்று சிலரும் கூறுவது இரண்டும் சரியன்று. சுமை மாறுவது சிறு வீட்டுக்காரருக்கும் சும்மா கிடக்கும் மனைக்கும் இடையில்தான். சிறியவரின் சொத்தில் பெரும்பகுதி அவர் கையால் கட்டிய சுவரும் கூரையும். புதுக் கொட்டில் ஒன்று போட்டால் மொத்த மதிப்பு வரியில் அவருக்கு வரி கூடும். நில மதிப்பு வரியில் கூடாது.

இத்தகைய வகுப்பு நடக்கும் முறையைச் சொல்வோம். காலையில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். பாட்டின்றி உரை தொடங்குவது அப்பள்ளிகளில் வழக்கமில்லை. பின்னர் வரலாறு பற்றியும் வரி பற்றியும் உரைகள். நிலத்தை மதிப்பிடுவது எப்படி என்பதே கேட்போருக்குப் பெருஞ்சந்தேகம். வீடு நிற்கும் மனையை வீட்டிலிருந்து பிரித்து எப்படி விலை சொல்வது? டென்மார்க்கார் கண்ட வழி எளிமையானது. ஊர் நிலவரம் அறிந்த உள்ளூர்க் குழுவினர் மதிப்பிடுவார்கள். விளைநிலமாயின், அது நடுத்தர அளவுள்ள குடியானவர் பண்ணை ஒன்றின் பகுதியாக இருந்தால் என்ன விலை பெறும் என்று ஒரே அளவுகோலை எல்லோருக்கும் வைத்தார்கள். உரிமையாளர் தம் செலவில் வடிகால் இட்டு நிலத்தைத் திருத்தியிருந்தால் அதற்குக் கழிவு உண்டு. அண்டை நிலங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலையின் சாரம். தம் வரப்பையும் பக்கத்து வரப்பையும் அறிந்தவனுக்கு இது கடினமன்று.

மாலையில் காப்பியும் பலகாரமும் வந்தபின்தான் உண்மையான வாதம். நில மதிப்பு வரிக்கு ஆதரவாளர்கள் சொல்வது சுலபமாகப் புரியும். நிலத்தை ஒளிக்கவோ வேறு தேசத்துக்குக் கொண்டுபோகவோ முடியாது. ரயிலும் துறைமுகமும் ஊரார் பணத்தில் வருகின்றன, விலையேற்றம் மட்டும் ஒருவர் பைக்குள் போவானேன் என்பார்கள். வரி இருந்தால் நிலத்தின் விலை தணியும், நிலமற்றவருக்கு வாங்குவது எளிதாகும் என்பதும் அவர்கள் வாதம்.

எதிர்ப்பவர் சொல்வதையும் அலட்சியம் செய்வதற்கில்லை. அதிக விலை கொடுத்துக் கடனில் நிலம் வாங்கிய இளம் விவசாயி வங்கிக்கு வட்டியும் கட்டி, சர்க்காருக்கு வரியும் கட்ட வேண்டும். வரி விதித்ததால் நிலத்தின் விலை இறங்கினால், அவர் கடன் மட்டும் இறங்காது. விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் நில மதிப்பு அப்படியே நிற்கும், வரியும் நிற்கும். ஊர் வளர்ந்து மனை விலை ஏறிவிட்ட இடத்தில் தனியே வாழும் விதவைக்குக் கையில் வருமானம் ஏது? இவற்றுள் கடன் வாங்கியவரின் முறையீடே வலுவானது என்பது எம் கருத்து. ஹென்றி ஜார்ஜின் நூலைப் புரட்டிக் காட்டி அவர் வாயை அடைத்துவிட முடியாது. மெல்ல மெல்ல, பல ஆண்டுகளில் விதிப்பதே அதற்கு ஓரளவு மருந்து. முதியோரைப் பொறுத்தவரை, வரியைக் கடனாக எழுதி வைத்துச் சொத்து கைமாறும்போது வசூலிக்கும் வழியை டென்மார்க் பின்னர்க் கண்டது.

அப்பள்ளிகளின் பேச்சு நாடாளுமன்றம் வரை எட்டியது. 1922-இல் சர்க்காருக்கான நில மதிப்பு வரியும், 1926-இல் உள்ளூர் மன்றங்களுக்கான நில மதிப்பு வரியும் சட்டமாயின. 1919-ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ், பெரும் பண்ணைகளிலிருந்து பெற்ற நிலத்தில் சிறு நிலக்காரர் குடியேற வழி செய்தார்கள். நிலத்துக்கு முன்விலை கொடுக்க வேண்டியதில்லை. மதிப்புக்கு ஏற்ற ஆண்டு வாடகை செலுத்தினால் போதும். 1957-இல் இக்கொள்கையையே உயிராகக் கொண்ட நீதிக் கட்சி 9 இடங்களைப் பிடித்து, வேறு இரு கட்சிகளுடன் மந்திரி சபையில் அமர்ந்தது. 1960 தேர்தலிலோ ஓர் இடமும் கிட்டவில்லை. ஆயினும் வரி ஒழியவில்லை. நில மதிப்பு வரி அந்நாட்டு உள்ளூர் மன்றங்களின் வருவாயாக நீடித்தது. 2024 ஜனவரியில் புது மதிப்பீட்டு முறையை ஒட்டிய சொத்து வரிச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே வீடு வைத்திருந்தவருக்குத் தள்ளுபடியும் சேர்ந்தே வந்தது.

இதனை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காகப் புன்செய்த் தீர்வையை உயர்த்துவதில்லை என்ற விதி சென்னை மாகாணத்து ரயத்துவாரி முறையில் இருந்தது. உழைத்துத் திருத்தியவனைத் தண்டிக்கக் கூடாது என்னும் இந்நியாயத்தை, டென்மார்க் விவசாயி தம் கொட்டிலுக்காகக் கேட்டதோடு ஒப்பிடலாம். நம் ஊராட்சிகளின் வீட்டு வரியோ கட்டடத்தின் மீது விழுவது.

ஒரு வாரம் இயலாவிட்டாலும், மழைக்கால மாலைகள் மூன்றையாவது இதற்கு ஒதுக்க விரும்பும் ஊர்களுக்கு ஓர் யோசனை. முதல் மாலை, வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டை முன் வைத்து ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் பகலில் அத்தெருவையும் அதனை ஒட்டிய நிலங்களையும் சேர்ந்து நடந்து பாருங்கள். கட்டடத்தை நீக்கிய மண்ணுக்கு மட்டும் என்ன விலை பெறும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். மாலையில் பிரித்துப் படித்தால், எந்த மனைக்குச் சீட்டுக்கள் ஒத்துப்போகின்றன, எதற்கு முரண்படுகின்றன என்று தெரியும். மூன்றாம் மாலை, மேலே கண்ட கணக்கை அத்தெருவின் எண்களைக் கொண்டு போடுங்கள். கடன் வாங்கி நிலம் வாங்கியவர் ஒருவரையும், குத்தகைக்கு உழுபவர் ஒருவரையும், மூதாட்டி ஒருவரையும் தவறாமல் அழைத்து உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள்.