பாப்பாவின் ஆர்வி பயணத்துக்கு

ஃபீனிக்ஸ், அரிசோனா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்டோபரில் நீயும் மாப்பிள்ளையும் போகப்போகிற ஆர்வி (வீட்டுவண்டி) பயணத்தின் திட்டம் வந்து சேர்ந்தது. லாஸ் வேகஸில் வண்டியை எடுத்து, ஏழு ராத்திரியில் ஜயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மானுமென்ட் வேலி, ஆன்டிலோப், கிராண்ட் கேன்யன் என்று ஒன்று விடாமல் போட்டிருக்கிறாய். காரில் போகிறவர்களுக்கே இது மூச்சு வாங்கும். முதலில் ஆர்ச்சஸை அடித்துவிடு. அடுத்து, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் சரி, மானுமென்ட் வேலியையும் அடி. ஜான் ஃபோர்டு படங்களில் பார்த்த அந்தப் பாறைகளைச் சுற்றிவர 17 மைல் மண்பாதை ஒன்று உண்டு. அதில் ஆர்வியை விடமாட்டார்கள். பேஜ் ஊரிலிருந்து போய்வர 250 மைல் ஆகும். அதற்கு இன்னொரு தடவை காரில் வாருங்கள்.

மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவார், தெரியும். ஆனால் இந்த வண்டி 25 அடி நீளம், கிட்டத்தட்ட 12 அடி உயரம். சீட்டில் உட்கார்ந்ததும் தலைக்கு மேலே ஒரு படுக்கை இருப்பதே மறந்துபோகும். பின்சக்கரத்துக்கு அப்பாலும் வண்டி நீண்டிருப்பதால், இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும். கேஸ் ஸ்டேஷன் தூண்களில் சிராய்ப்பு எப்படி வந்தது என்று அப்போது புரியும். வண்டியின் உயரத்தை அடி, அங்குலத்தோடு ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டச் சொல்.

நான் பார்த்தவரையில், ஆர்வி ரோட்டில் ஓடும்போது வரும் சேதம் குறைவு. போய்ச் சேர்ந்த அரைமணியிலும் கிளம்புகிற அரைமணியிலும்தான் எல்லாம் நடக்கிறது. இருட்டுவதற்குள் சேர வேண்டுமென்று விரட்டி வந்தவர்கள்தான் மரக்கிளையில் இடித்துக் கூரை ஏசியை உடைத்துக்கொள்கிறார்கள். காலையில் அடுத்த ஊர் டிக்கெட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்புகிறவர்கள்தான் கரண்ட் கேபிளைப் பிடுங்காமல் வண்டியை நகர்த்துகிறார்கள். ஒருமுறை பேஜில் எங்களுக்குப் பக்கத்து சைட்டில் ஒரு வயதான ஜோடி. வந்ததும் வராததுமாக வண்டிப் பக்கத்து நிழல்துணியான ஆனிங்கை விரித்துப் போட்டுவிட்டு, பின்னால் இழுத்து வந்த காரில் ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்க்கப் போய்விட்டார்கள். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியது. அவர்கள் திரும்பி வந்தபோது ஆனிங் துணி கூரைக்கு மேல் மறுபக்கம் கிடந்தது, இரண்டு கம்பிகளில் ஒன்று முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிக்கோல் எடுத்து மிச்சத் துணியை வெட்ட ஆரம்பித்துவிட்டார். வெளியே போகும்போதும் படுக்கும்போதும் ஆனிங் சுருட்டியிருக்க வேண்டும். வாடகை இன்ஷூரன்ஸில் பல இடங்களில் கூரையும் ஆனிங்கும் சேராது. கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் படி.

கேம்ப்கிரவுண்டில் தம்பதிகள் சண்டையைப் பார்க்க ஆசையிருந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எல்லாம் ரிவர்ஸ் எடுக்கிற சண்டைதான். நீ இறங்கி வண்டிக்குப் பின்னால், டிரைவர் பக்கமாகத் தள்ளி நில். கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லையென்றால் நீயும் அவருக்குத் தெரியமாட்டாய். "வா வா, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எல்லாம் வேண்டாம். "நிறுத்து" என்ற ஒரு சொல் போதும், அதைக் கேட்டதும் அவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். முதல் ராத்திரிக்கு மட்டுமாவது நேராக நுழைந்து நேராக வெளியேறும் 'புல் த்ரூ' சைட் கிடைக்குமா என்று பார்.

அடுத்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கழிவறைத் தண்ணீர் பிளாக் டேங்கில் சேரும், குளியலும் பாத்திரம் கழுவியதும் கிரே டேங்கில். கழிவுக் குழாயை மாட்டிவைத்திருக்கிற சைட்டில், "தானாகப் போகட்டுமே" என்று பிளாக் வால்வைத் திறந்தே வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே இறுகிக் குவிந்துவிடும். அதைக் கரைப்பதற்குள் பயணமே வெறுத்துவிடும். மூடி வை. முக்கால்வாசி நிரம்பியதும் கையுறை போட்டுக்கொண்டு முதலில் பிளாக்கைத் திற, அது தீர்ந்ததும் கிரேயைத் திற. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வேலையை ஆளுக்கொரு நாள் என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

ராத்திரிகளை இப்படிப் பிரி: ஜயான் இரண்டு, பிரைஸ் ஒன்று, பேஜ் இரண்டு, கிராண்ட் கேன்யன் இரண்டு.

ஜயானில் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் உள்ள சைட் கிடைத்தால் விடாதே. வண்டியை நிறுத்திவிட்டு இலவச ஷட்டில் பஸ்ஸில் ஏறு. ஷட்டில் ஓடும் மாதங்களில் உள்சாலையில் சொந்த வண்டிக்கு இடமே இல்லை. அங்கிருந்து பிரைஸுக்கு ஜிபிஎஸ் காட்டும் குறுக்கு வழி, 1930-ல் திறந்த ஒரு சுரங்கத்தின் வழியாகப் போகும். 1.1 மைல் நீளம், அந்தக் காலத்துக் கார்களுக்குக் குடைந்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேலான வண்டிகளை முன்பெல்லாம் காசு வாங்கிக்கொண்டு, எதிர் வண்டிகளை மறித்து நடுவில் விட்டார்கள். அதை நம்பிப் போகாதே. ஹரிக்கேன், ஃபிரெடோனியா, கனாப் என்று சுற்றிப் போ. அரை நாள் போனால் போகட்டும்.

பிரைஸில் சிவப்புப் பாறைத் தூண்களைச் செதுக்கியது உறைபனிதான். பாறை இடுக்கில் இறங்கிய தண்ணீர் ராத்திரி உறைந்து விரிந்து பாறையை உடைக்கிறது. அதே பனி உன் தண்ணீர் ஹோஸையும் உடைக்கும். படுக்குமுன் கழற்றி வடியவிட்டுவிடு. 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. சின்ன பிரஷர் குக்கர் எடுத்துப் போ. ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். 30 ஆம்ப் சைட்டில் எல்லாம் சேர்ந்தே 3,600 வாட்தான். சூரிய உதயத்தைக் குளிர் பார்க்காமல் எழுந்து போய்ப் பாருங்கள்.

பேஜுக்கு வரும்போது ஒரு மணி நேரம் குழம்பும். யூட்டாவில் கோடைக்காக முன்னே தள்ளிவைத்த கடிகாரம் அக்டோபரிலும் அப்படியே ஓடும். அரிசோனா அப்படித் தள்ளிவைப்பதில்லை, ஆனால் அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நாடு வைக்கிறது. பேஜ் ஊரோ நவஹோ எல்லைக்கு வெளியே. எந்த டவர் கிடைக்கிறதோ அந்த நேரத்தை உன் போன் காட்டும். ஆன்டிலோப் கேன்யன் டூர்காரர்களிடம் "எந்த நேரம்?" என்று கேட்டே டிக்கெட் வாங்கு. வழக்கமாக பேஜ் நேரம்தான். நவஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், மழை என்றால் வழிகாட்டி இருந்தாலும் விடமாட்டார்கள். 1997 ஆகஸ்டில் எங்கேயோ பெய்த மழையின் வெள்ளம் அந்தக் குறுகிய பாறை இடுக்கில் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். டூர் ரத்தானால் வாதாடாமல் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்.

கிராண்ட் கேன்யன் தென்கரைக்கு கேமரன் வழியாக வாருங்கள். டெசர்ட் வியூவில், மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-ல் கட்டிய கல் கோபுரம் நிற்கிறது. பள்ளத்தாக்கை முதன்முதலில் அங்கிருந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். மேதர் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் கிடையாது, அதனால் முன்னாடியே பேட்டரியை நிரப்பிக்கொள். மலை இறக்கங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். கியரைக் குறைத்தால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

கையுறை ஒரு பெட்டி, குடிதண்ணீர் ஹோஸ், டயருக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. வாங்காதே, பார்சலில் அனுப்புகிறேன். சித்தி பருப்புப்பொடியும் வைப்பாள். ரிசர்வேஷனை மாற்றியதும் தேதிகளை வாட்ஸப்பில் போடு.

அன்புடன்,
சித்தப்பா