ஒலியடக்கி: இயந்திரமோ, மென்பொருளோ?

மனிதன் பேசும்போதும் பாடும்போதும் அவனது குரல் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஓரடியை மெல்லெனத் தொடங்கியவன் மறுவடியில் உச்சத்தை எட்டுகின்றான். எதிரே அமர்ந்து கேட்போர்க்கு இவ்வேற்றத்தாழ்வே இன்பம் பயப்பதாகும். ஆயின் அக்குரலைப் பதிவுசெய்து, வாத்தியங்களோடு சேர்த்து, சிறியதோர் ஒலிபெருக்கியில் கேட்குங்கால், மெல்லிய சொற்கள் வாத்திய ஒலியுள் மறைந்தொழிகின்றன. உரத்த சொற்களோ செவியைத் தாக்குகின்றன. இக்குறையை நீக்குதற்பொருட்டு ஏற்பட்டதே கம்பிரஸர் எனப்படும் ஒலியடக்கி. இஃது இக்காலத்தில் இருவகையாகக் கிடைக்கின்றது. கையால் திருகி இயக்கத்தக்க இயந்திரம் ஒன்று. கணினியினுள் இயங்கும் மென்பொருள் மற்றொன்று. கைப்பொருள் சிறிதேயுடைய மாணவன் ஒருவன் தன் வீட்டறையில் ஒலிப்பதிவு செய்யப் புகுவானாயின், இவ்விரண்டனுள் எதனைக் கொள்ளுதல் தகும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பதிவுசெய்த கோப்பினை எம்.பி.3 முதலிய வடிவங்களாகச் சிறிதாக்குவதனையும் ஆங்கிலத்தில் இப்பெயராலேயே வழங்குவர். அது கோப்பின் பருமனைக் குறைப்பது. நாம் கூறவந்ததோ ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது.

ஒலியடக்கியின் செயலை நான்கு சொற்களால் விளக்கலாம்: வரம்பு, விகிதம், பற்றுகாலம், விடுகாலம். ஒலி இன்ன அளவைக் கடந்தால் அடக்குக என்பது வரம்பு. கடந்ததில் எத்தனை பங்கினை விடுவது என்பது விகிதம். விகிதம் 4க்கு 1 எனக் கொள்வோம். வரம்பினை 12 டெசிபெல் கடந்துவரும் ஒலி, 3 டெசிபெல் மட்டுமே கடந்ததாக வெளிவரும்; எஞ்சிய 9 டெசிபெல்லும் அடக்கப்படும். ஒலி வரம்பைக் கடந்தபின் எவ்வளவு விரைவாக அடக்கம் தொடங்குகின்றது என்பது பற்றுகாலம். ஒலி தணிந்தபின் எவ்வளவு விரைவாக அடக்கம் நீங்குகின்றது என்பது விடுகாலம். பற்றுகாலம் மிகக் குறுகினால் முழவின் முதலடி மழுங்கும். விடுகாலம் பொருந்தாவிடில் ஒலி மூச்சுவாங்குவதுபோல ஏறியிறங்கும்.

இக்கருவி வீட்டறைக்கென்று பிறந்ததன்று. வானொலி நிலையங்களில் பேச்சோ இசையோ அளவுகடந்து உயர்ந்தால் ஒலிபரப்பு சிதையும். அதனைத் தடுத்தற்பொருட்டு 1930களிலேயே தானியங்கும் ஒலியடக்கிகள் அமெரிக்காவில் தோன்றின. பின்னர் இவை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் புகுந்தன. ஒளிரும் தகட்டையும் ஒளியுணரும் தடையையும் கொண்டு ஒலியை அடக்கும் டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.-2ஏ என்பது 1960களில் புகழ்பெற்றது. பில் புட்னம் என்பார் வகுத்த 1176 என்னும் விரைந்த இயந்திரம் 1967இல் வெளிவந்தது. அக்காலத்துப் பொறியாளர் பதிவுசெய்யும்பொழுதே ஒலியை அடக்கினர். அதற்கு வலிய காரணம் ஒன்று இருந்தது: காந்த நாடாவுக்கு இயல்பாகவே ஓர் இரைச்சல் உண்டு. மெல்லிய ஒலி அவ்விரைச்சலுள் மூழ்கும். அதற்கஞ்சி ஒலியை மிக உயர்த்தினாலோ உரத்த ஒலி சிதையும். இவ்விரண்டிற்கும் இடையே குரலைச் செலுத்துதற்கு ஒலியடக்கி இன்றியமையாததாயிற்று.

அக்காரணம் இன்று பெரிதும் ஒழிந்தது. ஒலியை எண்ணாக மாற்றும் முறையில், 16 பிட் பதிவு ஏறக்குறைய 96 டெசிபெல் இடைவெளியைத் தரும். 24 பிட் பதிவு கணக்களவில் 144 டெசிபெல் தரும். மின்சுற்றின் இரைச்சலால் நடைமுறையில் இது குறையுமாயினும், மின்விசிறி சுழலும் வீட்டறைக்கு அது போதியதினும் மிகுதியே. ஆகவே உச்சவொலி முழு அளவுக்கு 10 அல்லது 12 டெசிபெல் கீழே நிற்குமாறு தாழ்த்திப் பதிவுசெய்தாலும் இழப்பு ஒன்றுமில்லை. அடக்குதலைப் பின்னர் அமைதியாகச் செய்துகொள்ளலாம்.

இங்கேதான் இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள தலையாய வேற்றுமை விளங்குகின்றது. பதிவின்பொழுது இயந்திரத்தால் அடக்கிய ஒலி அடக்கியபடியே நிலைத்துவிடும். மிகையாக அடக்கியதைப் பின்னர் முன்னிருந்த நிலைக்குக் கொணர்தல் ஏறக்குறைய இயலாது. மென்பொருளோ மூலப்பதிவைத் தொடுவதில்லை. இன்று பிழையாக அமைத்ததை நாளை மாற்றலாம். ஓராண்டு பயின்று செவி தேறியபின் மீண்டும் மாற்றலாம். பயிலும் மாணவனுக்கு இவ்வுரிமை சிறிதன்று. தன் பாட்டியார் பாடும் தாலாட்டினை அவன் பதிவுசெய்கின்றான் எனக் கொள்வோம். அம்முதுகுரலை மறுமுறை கேட்கும் பேறு வாய்க்குமோ, வாயாதோ! ஒரு திருகின் பிழையால் அக்குரல் என்றைக்கும் நசுங்கிக் கிடத்தல் தகுமோ?

செலவினை நோக்கினும் இதுவே முடிபாகும். ஒருதட இயந்திரம் ஒருசமயத்தில் ஒரு தடத்துக்கே உதவும். மென்பொருளையோ, கணினியின் ஆற்றல் இடங்கொடுக்கும் அளவுக்கு, எத்தனை தடங்களிலும் ஒருங்கே அமைக்கலாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளிலேயே ஒலியடக்கி ஒன்று உடனமைந்துள்ளது.

எனினும் இயந்திரத்தின் பக்கத்து நியாயங்களையும் நடுநின்று நோக்குதல் கடன். அவை மூன்று. முதலாவது, ஒலி எண்ணாக மாறுமுன்னரே இயந்திரம் அதனை அடக்கவல்லது. மாறுங்கால் அளவுகடந்து வெட்டுண்ட ஒலியைப் பின்வரும் ஒலியடக்கி மென்பொருள் மீட்கமாட்டாது. இது மெய்யே. ஆயினும் உள்வரும் அளவைத் தாழ்த்திவைத்தால் அவ்விடர் பெரும்பாலும் எழாது. இரண்டாவது, பாடுவோர் தம் குரலைச் செவிப்பொறியில் தாமதமின்றி அடக்கிய நிலையில் கேட்கலாம். கணினிவழிக் கேட்பின் தாமதம் உண்டு. நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் முறையில், 256 மாதிரிகள் கொண்ட ஒரு தேக்கம் மட்டுமே ஏறக்குறைய 5.8 மில்லிநொடியாகும், ஒலி உட்புகுந்து வெளிவரும்பொழுது அஃது இருமடங்கினும் மிகும். இதற்கும், குரலைக் கணினிக்குள் செலுத்தாமல் நேரே கேட்கும் வசதி பல இணைப்புக்கருவிகளில் உண்டு. ஆங்குக் கேட்பது அடக்காத குரலே என்பது மட்டும் குறை. மூன்றாவது, வெற்றிடக் குழாய்களும் மின்மாற்றிகளும் ஒலிக்கு ஊட்டும் தனிச்சுவை. இச்சுவை விலையுயர்ந்த இயந்திரங்களுக்கே பெரும்பாலும் உரியது. மலிந்த இயந்திரத்தை வாங்குவோன் அச்சுவைக்கு மாறாக இரைச்சலையே பெறவும் கூடும்.

மென்பொருளைக் கொள்வோர்க்கும் எச்சரிக்கை இரண்டு உண்டு. உரத்த ஒலியை அடக்கியபின் முழுவொலியையும் உயர்த்துவது வழக்கம். அவ்வாறு 6 டெசிபெல் உயர்த்தினால், குரலின் இடையிடையே கேட்கும் விசிறியின் ஓசையும் ஏறக்குறைய இருமடங்கு வீச்சினதாகும். ஆகலின் விசிறியை நிறுத்துவதும், தடித்த துணிகளைத் தொங்கவிட்டு அறையின் எதிரொலியைத் தணிப்பதும் எந்த ஒலியடக்கிக்கும் முற்பட்ட கடமைகளாம். மற்றொன்று, உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்ததெனச் செவி மயங்கும். ஆகவே அடக்கிய ஒலியையும் அடக்காத ஒலியையும் ஒரே உரப்பில் வைத்தே ஒப்பிடல் வேண்டும்.

பயிலத் தொடங்குவோர் விகிதத்தை 3க்கு 1 எனவும், பற்றுகாலத்தை 10 மில்லிநொடி எனவும், விடுகாலத்தை 100 மில்லிநொடி எனவும் அமைத்து, உரத்த சொற்களில் 3 முதல் 6 டெசிபெல் அடங்கும்வரை வரம்பினைத் தாழ்த்துக. பின்னர் ஒவ்வொரு திருகாக மாற்றிக் கேட்டு, வேற்றுமையைச் செவியால் உணர்க.

ஆகவே, சிறுபொருளுடையோன் மென்பொருளைக் கொண்டே தொடங்குதல் நலம் என்பதும், இயந்திரத்துக்கென வைத்த பொருளை நல்லதோர் ஒலிவாங்கிக்கும் அறையின் அமைதிக்கும் செலவிடுதல் அறிவுடைமை என்பதும் நமது துணிபு. செவி தேறியபின் இயந்திரம் வேண்டுமெனத் தோன்றின் அப்பொழுது வாங்கலாம். அவ்வேளை எதனை வாங்குவது என்பதும் அவனுக்கே தெளிவாக விளங்கும்.